மௌனத் தியானத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

முதல் முறையாகத் தியான இல்லத்தில் சில நாள் தங்கப் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பையில் என்ன எடுத்து வைப்பது என்பதில் தொடங்கி, அங்கே போய்த் தூங்கினால் தப்பா என்பது வரை. இங்கே பேசுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் தியான இல்லங்களையும் ஆசிரமங்களையும் பற்றி. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எங்கள் பங்கில் தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் வைக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. பங்குத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வருவார். மாலையில் பாட்டு, பிரசங்கம், திருப்பலி, கடைசி நாளில் பாவசங்கீர்த்தனம். நீங்கள் வேலை முடிந்து ஓடி வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் தோசை சுடுவீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அன்றாட ஓட்டம் அப்படியே இருக்கும், அதன் மேல் இன்னொரு வேலை கூடியிருக்கும்.

பெருங்கூட்டமாக நடக்கும் தியானங்கள் இன்னொரு வகை. கேரளத்தில் சாலக்குடி பக்கம் முரிங்ஙூரில் வின்சென்சியன் சபையார் நடத்தும் டிவைன் தியான மையம் தமிழர்களுக்கும் நன்றாகத் தெரிந்த இடம். அங்கே பாடல், பிரசங்கம், ஆராதனை, சாட்சி என்று நாள் முழுக்க நிரம்பியிருக்கும். அழுது தீர்க்க வேண்டியிருப்பவர்களுக்கு, தனியாக இருக்கப் பயப்படுகிறவர்களுக்கு அது உதவுகிறது.

நாம் இங்கே பார்ப்பது மூன்றாவது வகை. ஓர் இடத்துக்குப் போய்த் தங்குவது, பேச்சைக் குறைப்பது, நாளில் பெரும்பகுதியைக் காலியாக விடுவது.

ஓய்வுக்குப் போகிறோமா, ஜெபத்துக்குப் போகிறோமா? முதல் நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது என்கிறார்களே, அது தப்பில்லையா?

தூங்குங்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. காசு கொடுத்து, லீவு போட்டு, ஜெபிக்க வந்துவிட்டுக் குறட்டை விடுவதா என்று.

எலியாவின் கதையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். யேசபேலுக்குப் பயந்து ஓடி, பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படியே தூங்கிப்போகிறார். வானதூதர் வந்து தட்டி எழுப்பி என்ன செய்கிறார்? அறிவுரை சொல்லவில்லை, ஏன் ஓடி வந்தாய் என்று கேட்கவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கிறது, எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! தூதர் இரண்டாம் முறை வந்து மறுபடி சாப்பிடச் சொல்கிறார். நீண்ட பயணம் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் சொல்கிறார். இரண்டு சாப்பாட்டுக்கும் இரண்டு தூக்கத்துக்கும் அப்புறம் நாற்பது நாள் நடை. ஓரேபு மலையில் காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்த பிறகு வரும் அந்த மெல்லிய ஒலி அதற்கும் பிறகு. பிரசங்கங்களில் நமக்கு மெல்லிய ஒலியை மட்டும் சொல்கிறார்கள். அப்பத்தையும் தூக்கத்தையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வனத்து அந்தோணியாரைப் பற்றியும் பழைய துறவிகளின் தொகுப்பில் ஒரு கதை உண்டு. அவர் சகோதரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு வேடன் முகம் சுளித்தானாம். அந்தோணியார் அவனை வில்லில் அம்பு பூட்டி எய்யச் சொன்னார். எய்தான். இன்னொன்று என்றார். மறுபடியும் இன்னொன்று என்றார். இப்படி வளைத்துக்கொண்டே இருந்தால் வில் முறிந்துவிடுமே என்றான் வேடன். சகோதரர்களும் அப்படித்தான் என்றார் அந்தோணியார். உபவாசத்துக்கும் கண்விழிப்புக்கும் பேர்போன மனிதர் சொன்னதாக வரும் கதை இது என்பதைக் கவனியுங்கள்.

எட்டு நாள் தியானம் கொடுத்துப் பழகிய ஃபாதர்களும் சிஸ்டர்களும் முதல் நாளை ஓய்வுக்கே விட்டுவிடுவார்கள். வந்த அன்றைக்கே அட்டவணையை நீட்டுகிற இடமென்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

இடத்தைப் பொறுத்தது. ஓர் ஆசிரமத்தைச் சொல்கிறேன். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம், முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். 1950இல் ஷூல் மோன்ஷனேன், ஆன்ரி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. மோன்ஷனேன் பரம அருபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயப் பெனடிக்டின் துறவி பொறுப்பேற்றார். 1993இல் அங்கேயே இறந்தார்.

காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை பொது ஜெபம். விவிலியத்தோடு உபநிடதம் போன்ற நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள், தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பாடுவார்கள். காலை ஜெபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். விடியற்காலையிலும் அந்தியிலும் மௌன தியானத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. சைவச் சாப்பாடு, தரையில் உட்கார்ந்து. நடுவில் இருக்கும் மணிகள் உங்களுடையவை. சிற்றாலயத்தின் கோபுரத்தையும் சந்தனத்தையும் பார்த்து இது என்ன கிறிஸ்தவம் என்று முகம் திருப்புகிறவர்களும் உண்டு. தொடங்கிய நாள் முதலே அந்த வாதம் இருக்கிறது. உங்களுக்கு ஒத்துவருமா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

இயேசு சபையாரின் தியான இல்லங்களில் வேறு மாதிரி. பொது ஜெபம் குறைவு, தனி ஜெபம் அதிகம். ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போல, கொடுத்த விவிலியப் பகுதியை வைத்துத் தனியாக ஜெபிப்பீர்கள். ஒரு வேளை வழிகாட்டியோடு பேச்சு. ஒரு திருப்பலி. மீதி நேரத்தில் நடக்கலாம், படுக்கலாம், மரத்தடியில் சும்மா உட்காரலாம்.

பேசவே கூடாதா?

வழிகாட்டியோடு பேசலாம். மருந்து வேண்டும், ஃபேன் ஓடவில்லை என்றால் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களோடு அரட்டை கிடையாது, சாப்பாட்டு மேசையிலும்தான். முதல் வேளை சங்கடமாக இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று குழம்புவீர்கள். சிரிக்கலாம்.

இரண்டாம் நாள் ஒரு நிம்மதி தெரியும். யாரிடமும் உங்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. என்ன வேலை, எந்த ஊர், பையனுக்கு எத்தனை மார்க், பெண்ணுக்கு வரன் பார்த்தாச்சா, ஒன்றும் கிடையாது. நம் சமூகத்தில் இந்தக் கேள்விகள் இல்லாமல் மனிதர்கள் நடுவில் இருக்கக் கிடைப்பது பெரிய ஓய்வு.

போனை என்ன செய்வது?

வீட்டில் ஒருவருக்கு இல்லத்தின் லேண்ட்லைன் எண்ணைக் கொடுத்துவிட்டு, உங்கள் போனை அணைத்து அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அறையிலேயே அணைத்து வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் இரவு பத்து மணிக்கு வாட்ஸப் பார்ப்பார்கள். விவிலியம் போனில்தான் இருக்கிறது என்ற சாக்கு வேண்டாம், அங்கே புத்தகம் கிடைக்கும்.

சலிப்பாக இருந்தால்? ஜெபமே வராவிட்டால்?

வரும், சலிப்பு கண்டிப்பாக வரும். பெரும்பாலும் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். நண்பகலில் வரும் பேய் என்று அதற்குப் பெயர் சொல்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுமாம். துறவி ஜன்னலையே பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பான். யாராவது சகோதரன் வருகிறானா என்று சுற்றிப் பார்ப்பான். இந்த இடமே பிடிக்காமல் போகும், வேறிடம் போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து. கையில் கடிகாரம் மட்டும்தான் இல்லை.

அவர்கள் கண்ட வழி எளிமையானது: அறையை விட்டு ஓடாதே. அப்பா மோசே என்ற இன்னொரு பாலைவனத் துறவி, அறிவுரை கேட்டு வந்தவனிடம், போய் உன் அறையில் உட்கார், உன் அறை எல்லாவற்றையும் உனக்குக் கற்றுத்தரும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பெட்டியைக் கட்டலாம் என்று தோன்றும் அந்த மதியத்தைக் கடந்தவர்களுக்கு மாலையில் பெரும்பாலும் ஏதோ இளகிவிடுகிறது.

ஜெபிக்கத் தெரியாது என்பது தடையே இல்லை. முழங்காலில் இருந்தோ, நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தோ, மல்லாந்து படுத்தோ, உட்கார்ந்தோ, நின்றோ ஜெபிக்கலாம், நாடியது எந்த நிலையில் கிடைக்கிறதோ அதிலேயே இருந்துவிடு என்று இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ குறிப்பில் சொல்கிறார். நிறைய அறிவது ஆன்மாவை நிறைவாக்காது, உள்ளே உணர்ந்து சுவைப்பதுதான் நிறைவாக்கும் என்பதும் அதே நூலில் உள்ளதுதான். அதனால் மூன்று ஆன்மீகப் புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு திருப்பாடல் போதும்.

இந்த இக்னாசியார் முறை எங்கிருந்து வந்தது? முப்பது நாள் இருக்க வேண்டுமா?

1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்ததால் படுத்த படுக்கையானவர் இக்னாசியார். அடுத்த வருடம் மன்ரேசா என்ற ஊரில் பல மாதம் தங்கி ஜெபித்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் பிற்பாடு நூலானது. 1548இல் மூன்றாம் பவுல் திருத்தந்தை அதற்கு ஒப்புதல் கொடுத்தார். 1922இல் பதினோராம் பத்திநாதர் திருத்தந்தை இக்னாசியாரைத் தியானங்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

முழுப் பயிற்சி ஏறக்குறைய முப்பது நாள், நான்கு ‘வாரங்கள்’: பாவமும் இறை இரக்கமும், இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு. இயேசு சபையார் இதை வாழ்நாளில் இரண்டு முறை முழுதாகச் செய்வார்கள். வருடாவருடம் எட்டு நாள். கன்னியர் மடங்களில் சிஸ்டர் தியானத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த வருடாந்திரத் தியானத்தைத்தான். உங்களுக்கு முதல் முறை இரண்டு அல்லது மூன்று நாள் போதும். எடுத்ததும் எட்டு நாள் வேண்டாம்.

வழிகாட்டியிடம் என்ன பேசுவது? அது பாவசங்கீர்த்தனமா?

இல்லை, இரண்டும் வேறு. ஜெபத்தில் என்ன நடந்தது, எது தொட்டது, எது எரிச்சல் மூட்டியது, தூக்கம் வந்ததா, அவ்வளவுதான். அரை மணி நேரம் போதும். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் தனியாகக் கேட்கலாம். வழிகாட்டி ஒரு சிஸ்டராகவோ பொதுநிலையினராகவோ இருந்தால் அதற்கு வேறு ஒரு குருவை ஏற்பாடு செய்வார்கள்.

நல்ல வழிகாட்டி குறைவாகப் பேசுவார். தியானம் செய்கிறவரை எந்தப் பக்கமும் தள்ளாமல், படைத்தவரும் படைப்பும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்பது வழிகாட்டிகளுக்கு இக்னாசியார் வைத்த விதி. நீ துறவறம் போ, நீ அந்தப் பையனை மறந்துவிடு என்றெல்லாம் ஒருவர் சொல்லத் தொடங்கினால், அடுத்த முறை வேறு வழிகாட்டியைக் கேளுங்கள்.

வேலையை விடலாமா, வெளிநாடு போகலாமா என்று அங்கே முடிவெடுக்கலாமா?

யோசிக்கலாம். அங்கிருந்தே ராஜினாமா அனுப்பாதீர்கள். மனம் இருண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்கிறார் இக்னாசியார். மனம் பொங்கி வழியும்போது அவசரப்பட்டு வாக்குறுதியோ நேர்ச்சையோ செய்யவிடாமல் வழிகாட்டி தடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இரண்டாவதை நம் ஆட்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். போகலாமா?

முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். போவதென்றால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள், சொல்வது அங்கி போட்டவராக இருந்தாலும்.

நீண்ட மௌனம் எல்லாருக்கும் எப்போதும் நல்லதல்ல. கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும், சமீபத்தில் வீட்டில் சாவைப் பார்த்தவர்களுக்கும் அது பாரத்தைக் கூட்டலாம். அவர்கள் ஒரு நாள் போய் வந்து பார்க்கலாம், அல்லது பேச ஆள் இருக்கும் தியானமாகத் தேடலாம். சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு நேரத்தைச் சமையலறையில் சொல்லி வைத்துவிட வேண்டும்.

நான் குடும்பப் பெண். மூன்று நாள் வீட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கஷ்டம்தான். ஆனால் இந்த ஓய்வு யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால் நான் உங்களைத்தான் சொல்வேன். வேறு யாரோ சமைத்து, நேரத்துக்கு மணி அடித்துக் கூப்பிடுகிற சாப்பாடு கடைசியாக எப்போது கிடைத்தது? தியானத்திலிருந்து வந்த பெண்கள் பலர் முதலில் சொல்வது ஜெப அனுபவத்தை அல்ல, அந்தச் சாப்பாட்டைத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எலியாவுக்கும் முதலில் அதுதான் கிடைத்தது.

கன்னியர் நடத்தும் இல்லங்களில் பெண்களுக்குத் தனியாகத் தங்க வசதி இருக்கும், வீட்டிலும் அனுப்ப யோசிக்க மாட்டார்கள். மாமியார், கணவர், பிள்ளைகள் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். மூன்று நாளுக்கும் குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் போனால் முதல் நாள் அசதியிலேயே போய்விடும்.

கத்தோலிக்கரல்லாதவர்கள், கிறிஸ்தவரல்லாதவர்கள் தங்கலாமா?

பெரும்பாலான இடங்களில் தங்கலாம். வரும் விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்பது துறவிகளுக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கில் 53ஆம் அதிகாரம். சாந்திவனத்துக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு; மற்றவர்கள் திருப்பலியில் உட்கார்ந்திருக்கலாம். பழைய வட ஆற்காட்டுப் பக்கம் திருப்பத்தூரில் இருக்கும் கிறிஸ்துகுல ஆசிரமம், 1921இல் ஜேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கிய புராட்டஸ்டன்ட் ஆசிரமம். அதன் ஆலயமும் நம் ஊர்க் கோயில் கட்டடக் கலையில்தான் இருக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

சில இடங்களில் நாளுக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள், சில இடங்களில் விரும்பிய காணிக்கை. போன் செய்து கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடியாதவர்கள் முடியாது என்று சொன்னால் பெரும்பாலும் வழி செய்வார்கள். முடிந்தவர்கள் கொஞ்சம் கூடக் கொடுங்கள், கணக்கு அப்படித்தான் நேராகிறது. விவிலியம், ஒரு நோட்டு, டார்ச், கொசுவர்த்தி, நடக்கச் செருப்பு, மருந்து. மலை என்றால் கம்பளி.

போகவே முடியாதவர்கள்?

பொறுப்புகளை விட்டு வர முடியாதவர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தபடியே பயிற்சிகளைச் செய்யலாம் என்று இக்னாசியாரே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். அத்தனை நேரமும் கிடைக்காதவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஆளில்லாத கோயிலில் போய் உட்காரலாம்.

திட்டம் குலைந்தாலும் கவலைப்பட வேண்டாம். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களை, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறுவோம் வாருங்கள் என்று இயேசு அழைத்துப் போகிறார், மாற்கு ஆறாம் அதிகாரத்தில். படகில் போய் இறங்குவதற்குள் கூட்டம் கரை வழியாக ஓடி அங்கே முந்திக்கொண்டது. ஓய்வு போச்சு, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட வேண்டியதாகிவிட்டது. அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் அவர் சீடர்களைப் படகேற்றி அனுப்பிவிட்டு, தனியாக மலைக்கு ஜெபிக்கப் போனார்.

எப்போது இடம் கிடைக்கும்?

தவக்காலத்திலும் மே மாதத்திலும் நெருக்கடி. குருக்களும் கன்னியரும் தங்கள் ஆண்டுத் தியானத்துக்கு மொத்தமாக அறைகளை எடுத்துவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வார நாட்களில் கேட்டுப் பாருங்கள். தனி வழிகாட்டி வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே எழுதிவிடுவது நல்லது.